கூடுகைக்குக் கல்லறைத் தோட்டம் இல்லை

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து பார்க்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். ஆவடி தொழிற்சாலையில் டாங்கிக்கு அடியில் படுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பயப்பட ஒண்ணும் கெடைக்கலன்னா, ஏன் கெடைக்கலன்னு பயப்படுவ நீ" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

சர்ச்சை விட்டு வெளியே வந்தது அவர் முடிவுதான். கமிட்டி தேர்தலில் சபை இரண்டாகப் பிரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வளாகத்தில் நாற்காலிகள் பறந்தன. போலீஸ் வந்து கேட்டருகில் நின்றது. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார், விரல் இடுக்கில் ரத்தம். "இன்னாமே இது, ஜெபம் பண்ற எடமா, சாராயக் கடையா? இனிமே நம்ம ஊட்லயே பண்ணிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அன்றோடு சரி, அந்தப் பக்கம் போகவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டுக் கூடுகை. நான்கு குடும்பங்கள். போதகர் கிடையாது, பீடம் கிடையாது, மைக் கிடையாது. டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு ஹாலில் பாய் விரிப்போம். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் பாட்டு எடுப்பார். வசனம் வாசித்து ஆளாளுக்கு மனதில் பட்டதைச் சொல்வோம். வாக்குவாதம்கூட வரும், ஆனால் யாரும் நாற்காலியைத் தூக்க மாட்டார்கள். திருவிருந்து ரசத்துக்கு நான் பன்னீர் திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டுவேன். சப்பாத்தியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வோம். பெரிய சர்ச்சில் பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கேதான் வாய் திறந்து ஜெபம் பண்ண வந்தது.

ஆனாலும் பயந்தேன். பாட்டுச் சத்தத்துக்கு யாராவது கதவைத் தட்டுவார்களோ என்று ஜன்னலைச் சாத்துவேன். ஃபேன் போதாமல் எல்லோரும் வேர்த்து வழிவார்கள். அதெல்லாம் சின்னப் பயம். பெரிய பயம் பாப்பாவைப் பற்றியது.

பாப்பா எங்கள் ஒரே பெண். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பூந்தமல்லி ரோட்டை ஒட்டிய சர்ச் கல்லறைத் தோட்டத்தில்தான் அவளை வைத்திருக்கிறோம். அங்கே இடம் குறைவு. அதனால் சில வருடங்கள் கழித்து அதே குழியைத் திறந்து, அதே குடும்பத்து ஆட்களை வைப்பது வழக்கம். அடக்கம் நடந்த அன்று, அழுது ஓய்ந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். எங்களையும் ஒருநாள் இவளோடுதான் வைப்பார்கள். கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் அதை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

சர்ச்சை விட்டபோது இதை நான் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கூடுகைக்கு வந்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் பாடி பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். போன கோடையில் திடீரென்று இறந்துபோனார். ஐஸ் பெட்டிக்குள் அவரைக் கிடத்திவிட்டு, என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் ஆளுக்கொரு போனோடு தெருவில் நின்றார்கள். அண்ணன் முன்பு போய்க்கொண்டிருந்த சர்ச்சில், இப்போது அங்கத்தினர் இல்லையே என்றார்கள். இன்னொரு சர்ச்சில், எங்களுக்கே இடம் இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். யார்மேலும் கோபப்பட முடியவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது. ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்து மயானத்தில் எரிப்பதற்கு நேரம் கிடைத்தது. காலம் காலமாக மண்ணில் வைத்துப் பழகிய குடும்பம். வண்டி கிளம்பும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இனிமே அவரப் பாக்கணும்னா நான் எங்க போறது?"

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சமைக்கும்போதும் வந்தது, ஜெபத்தில் கண்ணை மூடினாலும் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவர் நெஞ்சில் கை வைத்தாலே எனக்கு ஐஸ் பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

"நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கங்க?" என்று கேட்டேன்.

"எங்க வெச்சா இன்னா? மண்ணோ சாம்பலோ, கடைசி நாள்ல எழுப்புற ஆண்டவருக்கு எல்லாம் ஒண்ணுதான். சும்மா பயந்துகினே கீறியே."

இதற்கு மேல் என்ன பேசுவது? பாப்பாவைப் பற்றி வீட்டில் நாங்கள் வாய்விட்டுப் பேசுவதே இல்லை. இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டதுபோல அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தையல்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கள் பழைய சர்ச்சுக்குப் போனேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோ ஊர்ந்த நேரமெல்லாம், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். இப்போது இருக்கும் போதகர் சிறு வயதுக்காரர், நாங்கள் விட்ட பிறகு வந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"ஐயா, எங்க பாப்பா கல்லறைய வேற யாருக்காவது குடுத்துடுவீங்களா?"

"இல்லம்மா, அத யாரும் தொடமாட்டாங்க. ஆனா உங்களுக்காகத் திறக்கணும்னா நீங்க சபைல இருக்கணும்."

"நான் மட்டும் வந்தா?"

"உங்களுக்கு இடம் உண்டு."

"அவருக்கு?"

"அவரும் சபைக்கு வந்தாதாம்மா முடியும். இத அவர்கிட்டயே சொல்லிட்டேனே. போன வாரம் வந்திருந்தார், உங்ககிட்ட சொல்லலையா?"

நான் விழித்தேன்.

"தனக்காக அவர் ஒண்ணும் கேக்கலம்மா. என் சம்சாரம் திரும்பி வந்தா சேத்துக்குவீங்களா, குழந்தை கூட வெப்பீங்களான்னு கேட்டார். வெப்போம்னு நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கல."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண், "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

வீட்டில் அவர் பேப்பர் விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே கேட்டேன். "சர்ச்சுக்கு எதுக்குப் போனீங்க?"

கத்தியைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "பாப்பா தனியா கீதில்ல. நீயாவது அது பக்கத்துல இரு."

"நீங்க?"

"என்னால அங்க திரும்பிப் போய் உக்கார முடியாதுமே. மனசு ஒப்பல. எனக்கு எங்கியோ ஒரு எடம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவர், செத்த பிறகு யார் எங்கே என்பதையும் முடிவு செய்துவிட்டார். "பெரிய மனுஷன் மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு வந்துட்டீங்க. நீங்க இல்லாத எடத்துல எனக்கு இன்னா வேலை? நான் போகமாட்டேன்" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"அப்போ பாப்பா?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அவர் பயப்பட மாட்டார் என்கிற தைரியத்தில்தான் நான் இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தேன். அன்று பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை. செருப்போடு அப்படியே தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.