எடுத்துக் கொடுத்த வசனம்

அந்த நாடகக் குழுவில் அவளை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மறந்துபோகிற நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. மற்றவர்களுக்கு எப்போதாவது ஒரு சொல் தேவைப்படும். 'ஐயா' என்று குழுவே எழுந்து நின்று கும்பிடுகிற கதாநாயகருக்கோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஊட்டிவிட வேண்டும். மனுஷன் ஒரு வசனத்தையும் பாடம் பண்ணியதில்லை. கேட்டால், "பாடம் பண்றவன் கிளிப்பிள்ளை. நான் அந்த நிமிஷத்துல வாழறேன்" என்பார். காதில் விழுந்ததை அர்த்தம்கூடப் பார்க்காமல் திருப்பிச் சொல்வதற்குப் பெயர் வாழ்வதாம்! ஆனால் குரல் மட்டும் தேன். அதை அக்காவே மறுக்க மாட்டாள். இந்தக் குரலைக் கொண்டுபோய் இந்த ஆளிடம் கொடுத்த கடவுளைத்தான் திட்டுவாள்.

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் ஐயாவுக்கு மனைவியாக நடித்தவள் அவளுடைய தங்கை. ஒருநாள் தங்கை அழுத அழுகைக்கு, அவருக்கு விழுவதைவிடப் பலமாகக் கைதட்டல் விழுந்துவிட்டது. அடுத்த காட்சியில் கணவன் மனைவியை அறைய வேண்டும். கை காற்றில்தான் போகும். ஓரத்தில் நிற்கும் ஆள் சத்தம் கொடுப்பான். அன்றைக்கு அவனுக்கு வேலையில்லாமல் போயிற்று. நிஜமாகவே விழுந்த அறையில் தங்கையின் இடது காது செத்துப்போனது. முக்காலியில் இருந்தபடி அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"உணர்ச்சி வேகத்துல கை பட்டிருக்கும்" என்றார் ஐயா. அதோடு சரி. குழுவின் செயலாளர்தான் பழப்பையோடு வீட்டுக்கு வந்தார். "தப்புன்னே வெச்சுக்குவோம்மா. ஆனா கலை வேற, கலைஞன் வேற. நாமதான் பிரிச்சுப் பாக்கணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு உபதேசம் செய்தார். காதைப் பறிகொடுத்தவளிடம் வந்து பிரித்துப் பார்க்கச் சொல்ல எவ்வளவு தடித்த தோல் வேண்டும்!

தங்கை பழத்தைத் தொடவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். நாலு பேர் முன்னாடி, 'அடிச்சேன்'னு அந்தாளு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை வரவேயில்லை. தங்கை வீட்டோடு முடங்கினாள். அக்காவால் வேலையை உதற முடியவில்லை. இரண்டு பேர் வயிறும் அந்த முக்காலியை நம்பித்தான் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அதே வாய்க்கு வசனம் ஊட்டினாள்.

பிறகு ஐயாவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மைக்கைப் பிடித்தவனெல்லாம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினான். கடைசியில் அவருடைய பேர்பெற்ற காட்சி. செத்துப்போன மனைவியின் காலி நாற்காலி முன்னால் கணவன் மண்டியிட்டு அழுகிற இடம். யாரும் கூப்பிடாமலே தங்கை வந்திருந்தாள். "அந்தாளு மூஞ்சிய ஒருதடவ பாக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு, கேட்கிற காது மேடைப்பக்கம் இருக்கும்படி முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐயா மண்டியிட்டார். வழக்கம்போலத் தலையைத் திரைப்பக்கம் சாய்த்தார். 'உன்னைத் தனியே தவிக்க விட்டேனே' என்பதுதான் வரி. அது அக்காவின் வாய்வரை வந்தது. திரை இடுக்கில் தங்கையின் முகம் தெரிந்தது. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாள்.

"உன்னை நான் அடித்தேன்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"உன்னை... நான் அடித்தேன்" என்றது தேன்குரல்.

"கை தவறிப் படவில்லை. வேண்டுமென்றே அடித்தேன்."

"கை தவறிப் படவில்லை... வேண்டுமென்றே அடித்தேன்."

"உனக்குக் கிடைத்த கைதட்டல் பொறுக்காமல் அடித்தேன். உன் காதைப் பறித்தேன்."

அதையும் சொல்லி முடித்த பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது. முகம் வெளிறித் திரைப்பக்கம் திரும்பினார். 'மாட்டினாயா!' என்று அக்காவின் நெஞ்சு துள்ளியது. ஆனால் அதற்குள் அரங்கமே எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிட்டது. அங்கங்கே விசும்பல் கேட்டது. ஐயா ஒரு நொடிதான் தடுமாறினார். அப்புறம் மார்பில் ஓங்கி அறைந்துகொண்டு, "வேண்டுமென்றே அடித்தேன்!" என்று இன்னொரு தடவை, முன்னைவிட உருக்கமாகச் சொன்னார். யாரும் எடுத்துக் கொடுக்காமல் அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே வசனம் அது.

திரை விழுந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டே முக்காலியைக் கடந்தார். "அந்த எடம் நல்லா எடுபட்டுது. இனிமே அப்படியே வெச்சுக்க."

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. தங்கையைத் தேடி வாசலுக்கு ஓடினாள்.

அங்கே செயலாளர் தங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் ஈரம். "பாத்தீங்களாம்மா? 'அடிச்சேன்'னு சொன்னாரே, அந்த எடத்துல எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு. நெஜமா அடிச்சவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்!"

தங்கை இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "சார், எனக்கு இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

செயலாளர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து, ஒரு வார்த்தை குறையாமல் மறுபடியும் சொன்னார்.