இணைப்பை முதலில் யார் எடுப்பது

போன வாரம் சேலம் சூரமங்கலத்தில் டவுன் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் என் ஸ்கூட்டி மாட்டிக்கொண்டது. முன்னால் நின்றது ஒரு ரிக் வண்டி, தண்ணீருக்குப் போர் போடுகிற அந்தப் பெரிய வண்டி. ஈரக் கல்தூளும் கிரீஸும் டீசலும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். என் முதல் வேலையின் வாசனை அது.

கம்ப்யூட்டர் படித்தவளின் வேலையில் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸ் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் உதிரிபாகக் கடையின் மாடியில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, பாதி நாள் வெளியே சுற்றும் முதலாளி. ரிக் வைத்திருப்பவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த நான் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் அம்மிணிதான்.

எந்த வெப்சைட்டும் குலதெய்வத்தின் படத்தோடுதான் தொடங்க வேண்டும். அதற்குக் கீழே தொழிலை ஆரம்பித்த அப்பா. அதற்கும் கீழேதான் வண்டி. எழுத்தெல்லாம் தங்க நிறத்தில் மினுக்க வேண்டும், திறந்தவுடன் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். நானும் கூசாமல் செய்து கொடுத்தேன். அதைத்தான் டிசைன் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் தேடுபொறி நம்மை மேலே காட்ட வேண்டுமென்றால் மற்றவர்களின் வெப்சைட்டிலிருந்து நமக்கு இணைப்பு வர வேண்டும். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் எழுதுவேன். உங்கள் பெயரை எங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறோம், எங்கள் பெயரை நீங்களும் போடுவீர்களா? கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயரையெல்லாம் அடிப்பது போல, ஒவ்வொரு வெப்சைட்டிலும் ‘இணைப்புகள்’ என்று ஒரு பக்கமே இருக்கும். கென்யாவில் குழாய் விற்கும் ஒருவர் இணைப்பைப் போட்டுவிட்டு, உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்டிருந்தார். இல்லை, அதனால்தான் எங்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் பல வருடம் நாங்கள் மழையை விசாரித்தே மெயில் எழுதிக்கொண்டோம்.

இப்படி உலகமெல்லாம் உறவு தேடிய நான் உள்ளூரில் ஒரு காரியம் செய்துவிட்டேன். நாச்சிமுத்து, பொன்னுசாமி என்று இரண்டு வாடிக்கையாளர்கள். இருவர் வெப்சைட்டிலும் உச்சியில் ஒரே குலதெய்வம். சொந்தக்காரர்கள் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று இவர் பக்கத்தில் அவரையும் அவர் பக்கத்தில் இவரையும் போட்டுவிட்டேன். அதைப் பார்த்த முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. ஒருவர் தந்தது வயதான அப்பாவின் படம், மற்றவர் தந்தது இளவயதுப் படம் என்பதால் ஒரே ஆள் என்று நான் கண்டுகொள்ளவில்லை. அப்பா போன பின் வண்டிகளைப் பாகம் பிரித்ததில் தொடங்கிய சண்டை. பல வருடமாகப் பேச்சில்லை, ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. திருச்செங்கோட்டு டீக்கடைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம் சூரமங்கலத்துக்காரிக்குத் தெரியவில்லை. உடனே எடு, இல்லாவிட்டால் இரண்டு வாடிக்கையோடு உன் வேலையும் போகும் என்றார் முதலாளி.

எடுப்பதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணன் நாச்சிமுத்துவே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். காட்டச் சொன்னார். பக்கத்தைத் திறந்து இணைப்பைக் காட்டினேன்.

“ஏனம்மிணி, இதைத் தொட்டா அவன் பக்கத்துக்குப் போயிருமா?”

“போகுமுங்க.”

தொட்டார். தம்பியின் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திறந்தது. அன்றைய இன்டர்நெட் அப்படி. முதலில் குலதெய்வம், பிறகு அப்பா. பாகம் பிரித்ததில் தம்பி வீட்டுக்குப் போய்விட்ட படமாம் அது. முதல் வண்டிக்கு முன்னால் அப்பா நிற்கிறார், இரண்டு பக்கமும் அரைக்கால் சட்டையில் இரண்டு பையன்கள். நாச்சிமுத்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிருந்து இங்க வாரதுக்கும் தடம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அவனாப் போடச் சொன்னானா?”

“இல்லீங்க, நானாத்தான் போட்டனுங்க.”

“செரி, இருந்துட்டுப் போகட்டும். அவன் எடுத்தான்னா மட்டும் எனக்குச் சொல்லிரு சாமி.”

மறுநாளே தம்பி பொன்னுசாமியிடமிருந்து போன். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அண்ணன் எடுத்துவிட்டாரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் நாமும் எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டார். அதிலிருந்து இருவருமே அவ்வப்போது போன் செய்து இதை விசாரிப்பார்கள். வெப்சைட்டால் வேலை ஏதும் வந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்றாவது இவர்கள் பேசிவிடுவார்கள், ஊரே என்னைக் கொண்டாடும் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கனவு கண்டதை உங்களிடம் சொல்வதற்கென்ன.

பிறகு காலம் மாறியது. பேசி வைத்துக்கொண்டு இணைப்பு மாற்றினால் தேடுபொறி கீழே தள்ளிவிடும் என்று ஆனது. எல்லா வெப்சைட்டிலிருந்தும் அந்த ‘இணைப்புகள்’ பக்கத்தை நானே உட்கார்ந்து அழித்தேன். கென்யாக்காரரின் பெயரும் போயிற்று, கொஞ்ச நாளில் மெயிலும் நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் மட்டும் அசையவில்லை. கீழே போய்விடுவீர்கள் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவன் எடுக்கட்டும் என்றார் அண்ணன், அவர் எடுக்கட்டும் என்றார் தம்பி. இரண்டு பேரும் யார் கண்ணிலும் படாத ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசிவரை அவர்கள் பேசவில்லை. நாச்சிமுத்து இறந்த பிறகு அவர் பையன்கள் வருடப் பணம் கட்டி வெப்சைட்டைப் புதுப்பிக்கவில்லை, அது நின்றுபோனது. எல்லாம் செல்போனிலேயே நடக்கும்போது அது எதற்கு? நான் சேலத்துக்கே வந்து தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தேன், பொன்னுசாமியின் வெப்சைட்டை அப்போதும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் பொன்னுசாமி கூப்பிட்டார்.

“அம்மிணி, அண்ணன் பக்கத்தைத் தொட்டா ஒண்ணுமே வரமாட்டீங்குதுங்க.”

விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப அங்கிருந்து இங்க வார தடமும் போயிருச்சுங்களா?”

“போயிருச்சுங்க.”

சரி, இனிமேல் எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன்.

“பசங்கதானுங்க உட்டுட்டாங்க. அண்ணன் எடுக்கலீங்களே. நம்முது இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். எங்கும் போகாத அந்த இணைப்பை அவர் இருந்தவரை நான் தொடவில்லை. இப்போது அவரும் இல்லை, அவர் பக்கமும் இல்லை.