கிணறு உப்பென்று சொல்லி விற்ற வீடு

புதுவீட்டுக் குடிபூரல் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கதவில் பெயின்ற் மணம் போகவில்லை. அதற்குள் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. என்னைப்போல வீட்டு விஷயத்தில் தவிக்கிற நயினாதீவு அம்மாளின் பிள்ளைகள் யாரும் இருந்தால், இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நாங்கள் தீவுப்பகுதியில் நாரந்தனை. போன ஐப்பசியில் என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதென்று சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ் மண்டைதீவைத் தாண்டமுன்னம் மனிசன் துவண்டு என் தோளில் சாய்ந்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு வாங்காவிட்டால் இவர் தாங்கமாட்டார் என்று விளங்கியது. அதற்கு இதை விற்றே ஆகவேண்டும்.

வீட்டில் ஒரு குறை, கிணறு. வெட்டும்போது நல்ல தண்ணீர்தான் வந்தது. இவர் கேட்டால்தானே! தோட்டத்துக்குக் காணாது என்று இன்னும் ஆழமாக வெட்டுவித்தார். எங்கள் தீவில் நல்ல தண்ணீருக்குக் கீழே உப்புத்தண்ணீர்தான் கிடக்கிறது. மழைக்காலத்தில் இளநீர் மாதிரி இருக்கும். பங்குனி பிறந்தால் வாயில் வைக்க ஏலாது.

புரோக்கர் வந்து பார்த்தார். "அக்கா, தைக்குள்ளை வித்துப்போடுங்கோ. பங்குனி வந்தால் கிணறே காட்டிக் குடுத்துப்போடும்."

நானும் நயினாதீவு அம்மாளாச்சியிடம் அப்படியே கேட்டேன். தைக்குள் ஒரு ஆளை அனுப்பு தாயே என்று.

அனுப்பினாள். தை பிறந்ததும் வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தங்கையோடு வந்தார். வீடு நன்றாகப் பிடித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"நல்ல தண்ணி. வருசம் முழுக்க இப்பிடித்தானோ?"

புரோக்கர் ஓமென்று தலையாட்டத் தொடங்கிவிட்டார். அம்மாளிடம் கேட்டு வந்த ஆளுக்குப் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"இல்லை ரீச்சர். பங்குனியிலை உப்பாயிடும். குடிக்கப் பவுசர் வண்டியிலை வாற தண்ணிதான்."

யோசித்துச் சொல்லுகிறோம் என்று போய்விட்டார்கள். புரோக்கர் தேத்தண்ணீரும் குடிக்கவில்லை. கதிரையில் சாய்ந்திருந்த இவர், "நீர் சொன்னது சரிதான். ஆனால் இனி ஆர் வருவினம்?" என்றார். குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

ஒருவரும் வரவில்லை. பங்குனி பிறந்தது, கிணறு உப்பாகியது. இவருக்குப் படியேறவும் ஏலாமல் போனது. குறிகட்டுவான் துறையில் படகேறி அம்மாளிடம் போனேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது. சந்நிதியில் சண்டையே பிடித்தேன்.

"நீ அனுப்பின ஆளுக்குத்தானே உண்மை சொன்னனான்? இப்ப என்ரை மனிசனை ஆர் பாக்கிறது? நீ பாக்கிறியோ?"

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலில் நிற்கிறார். "ரீச்சர் ரெலிபோன் எடுத்தவ. நாளைக்கு வாறாவாம்."

வந்தவர் நேரே கிணற்றடிக்குத்தான் போனார். குடித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்தார். "நீங்கள் சொன்ன அளவுக்கு இல்லை!"

பிறகு ரீச்சரே சொன்னார்: "தீவுக்குள்ளை கன வீடு பாத்தம். எல்லாரும் நல்ல தண்ணியெண்டுதான் சொன்னவை. இப்ப திரும்பப் போய்க் குடிச்சுப் பாத்தால் எல்லாம் உப்பு. கிணத்தை ஒளிக்காத ஆக்கள் காணி உறுதிப் பத்திரத்திலையும் ஒண்டும் ஒளிக்கமாட்டினம் எண்டு தங்கச்சி சொன்னவ. நாங்கள் மழைத்தண்ணிக்குத் தொட்டி கட்டிப்போட்டு இருப்பம்."

நான் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டை அவவுக்கே விற்று, இப்போது யாழ்ப்பாண ரவுணில் இருக்கிறோம். ஆஸ்பத்திரி ஓட்டோவில் போகிற தூரம்தான். இவர் பின்னேரம் தானே கடைக்கு நடந்துபோய் பேப்பர் வாங்கி, விலைவாசியைத் திட்டிக்கொண்டு வருகிறார். அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கும்.

எப்போது விற்பதென்று நானும் புரோக்கரும் நாள் பார்த்தோம். கிணறு இனிக்கும்போது விற்க நினைத்தோம். அது உப்பாகும்வரை அம்மாளாச்சி எங்களைக் காக்க வைத்திருந்தாள். ஆகையால் சொல்லுகிறேன், உங்கள் கிணறு உப்பென்றால் உப்பென்றே சொல்லுங்கள். அதையும் வாங்குகிறதுக்கு அவள் ஒரு ஆளை வைத்திருப்பாள்.