மூன்று டர்னர்கள் தங்கிய வாரம்

காலை பத்து மணிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு போனை எடுத்தேன். பத்தரை மணிக்கு, உயிரோடு இருக்கும் ஒரு பெண் செத்துப்போய்விட்டதாக அவளைப் பெற்றவரிடமே போய்ச் சொன்னேன்.

ஹோட்டல் ஃபிரண்ட் ஆபீஸ் வேலையில் எனக்கு இருபத்தாறு வருடம். சாவி மாற்றிக் கொடுத்திருக்கிறேன், விமானத்துக்கு எழுப்ப மறந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதை. அந்த அரை மணி நேரம் அப்படிப்பட்ட கதை இல்லை. இனி கவுண்டருக்குப் பின்னால் நிற்கப்போகிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1. ஒரே பெயரில் மூன்று கார்டு

எங்கள் ஹோட்டல் ரங்கூனின் லத்தா வட்டாரத்தில், நாற்பது அறை. வெளிநாட்டுக்காரர்கள் ரங்கூனுக்கு நிறைய வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரே வாரத்தில் மூன்று ரிஜிஸ்ட்ரேஷன் கார்டில் 'டர்னர்' என்று எழுதியிருந்தது. மூன்று பேரும் அவரவர் வழியில் பேர் பெற்றவர்கள். ஆலன் டர்னர் பெரிய கண் டாக்டர். ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் இலவசமாகக் கண் புரை எடுக்க வந்திருந்தார். ராய் டர்னர் அந்தக் காலத்து கோல்கீப்பர். பந்து பிடிக்கும் கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி இருக்கும். இங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். ஜில் டர்னர் சமையல் புத்தகம் எழுதும் அம்மா. மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்காவை எப்படிச் செய்வதென்று எங்கள் சமையல்காரரைக் குடைந்துவிட்டு இரண்டே நாளில் மண்டலேக்குப் போய்விட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பர்மாவில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் அப்பாவோடு, பிள்ளை பெயர் பிள்ளையோடு. தமிழர்களான எங்களுக்கோ ஆளுக்கு இரண்டு பெயர். வீட்டில் நான் மாரிமுத்து. அடையாள அட்டையில் ஊ மியா மாவுங். என் மகளின் இரண்டு பெயரிலும் நான் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் மூன்று பேர் ஒரே பெயரோடு வந்து நின்றால் என்ன நினைப்போம்? ஒரே வீட்டு ஆட்கள் என்றுதான்.

ஜில் தன் கார்டில் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று குறித்திருந்ததைப் பார்த்து, மனைவியாக இருக்க முடியாது என்று எங்கள் மேனேஜர் அம்மா டோ கின் சோ, "அண்ணன் தம்பியும் தங்கச்சியும்" என்று முடிவே கட்டிவிட்டார். பக்கத்துப் பக்கத்து அறை கொடுத்தோம். காலைச் சாப்பாட்டுக்கு மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். அவர்களும் மறுக்கவில்லை. ராய் எழுந்து டாக்டரின் கையைக் குலுக்கி, "வாங்க கசின்!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அதற்கு மேல் எங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

2. மெசேஜ் சிலிப்

போனில் பேசியது ஒரு பெண். டாக்டர் ஆலனின் தங்கை. அழுகையில் பாதி வார்த்தை நனைந்து வந்தது. "அவன் மொபைல் கிடைக்கல. அவன் பொண்ணு எம்மா... கார் விபத்து. போயிட்டா. எப்படியாவது அவனைக் கண்டுபிடிச்சு ஊருக்கு அனுப்புங்க."

சிலிப்பில் 'டர்னர்' என்று எழுதினேன். கீழே 'எம்மா' என்று எழுதினேன். பேனா நகரவில்லை.

டாக்டர் விடிந்ததும் த்வாண்டேக்குப் போயிருந்தார். அவரை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் விமானம் சாயங்காலம் ஒன்றுதான். அதை விட்டால் மகளின் முகத்தைப் பார்க்க முடியுமோ முடியாதோ. சிலிப்பை டோ கின் சோவிடம் நீட்டினேன். படித்துவிட்டு அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்னை எல்லாரும் கூப்பிடுவது போல 'ஊலே' என்றுதான் கூப்பிடுவார். பர்மியில் மாமா மாதிரி.

"ஊலே, நேரா அவருகிட்ட போய்ச் சொல்லிடாதீங்க. சாவுச் சேதிய வேத்தாளு வாயால கேக்கக் கூடாது. அண்ணன்காரர் ராய் மேலதானே இருக்காரு? அவருகிட்ட சொல்லுங்க. அவரு பாத்து பக்குவமா சொல்லிக்குவாரு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் அப்பா துறைமுகத்தில் விழுந்து செத்தபோது எனக்கு யாரும் நேரே சொல்லவில்லை. பெரியப்பா வந்து, "அப்பனுக்கு ஒடம்பு முடியல, வாடா" என்றார். தெருமுனையில் இழவுக்குப் பெஞ்சு போட்டிருப்பதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் வழக்கம் அப்படி. சாவைச் சுற்றிவளைத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுவருவோம்.

3. மூன்றாவது மாடி

ராய் கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்று காலில், ஒன்று கையில். அவர் பேசிய இங்கிலீஷை நம் பேச்சில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். "குடிங்க சார்" என்றேன்.

"என்னய்யா, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஊர்லேர்ந்து போன் வந்துச்சு சார். வீட்டுல... கொஞ்சம் மனச தைரியப்படுத்திக்குங்க."

"யாரு?"

"பொண்ணு சார். கார் விபத்து."

"என் பொண்ணா?"

தம்பி மகள் என்றால் யார்? எங்களுக்குத் தன் மகள்தான். சித்தப்பா, பெரியப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளையை வேறு யாரோ என்று எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் அப்படிப் பிரித்துப் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைத்தேன். "ஆமா சார்" என்றேன். "உங்க பொண்ணுதான். போயிடுச்சு."

ஷூ கையிலிருந்து விழுந்தது. அந்தப் பெரிய ஆள், பந்து வந்து மோதினாலும் அசையாத நெஞ்சுள்ளவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "கேத்தி... கேத்தி..." என்றார்.

சிலிப்பில் 'எம்மா' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். இதுவும் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அரை மணி கழித்து, "மருமகன் கூட பேசணும்" என்றார். எண் தவறிக்கொண்டே இருந்ததால் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. நெடுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் குரல். ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"அப்பா? மணி என்னன்னு தெரியுமா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம், "அப்பா? அப்பா? என்ன ஆச்சு?" என்று குரல் ஏறிக்கொண்டே போனது.

"ஒண்ணுமில்லடா" என்றார் கடைசியில். "உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு. தூங்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக நின்றேன்.

"யார் பொண்ணுய்யா செத்தது?"

சிலிப்பை நீட்டினேன். "டாக்டர் பொண்ணு சார். அவரு... உங்க தம்பி இல்லையா?"

"தம்பியா? போன திங்கக்கிழமை இந்தச் சாப்பாட்டு மேசையிலதான்யா அவரை முதல்ல பாத்தேன்!"

நான் எதுவோ உளறினேன். மன்னிப்புக் கேட்டேனோ, பெயரைப் பற்றிச் சொன்னேனோ, நினைவில்லை. அவர் குனிந்து விழுந்த ஷூவை எடுத்தார்.

"அந்த மனுசனுக்கு இன்னும் யாரும் சொல்லலியே?"

"இல்ல சார்."

"வண்டிய எடுக்கச் சொல்லு. நானும் வரேன்."

4. த்வாண்டே ரோடு

டிரைவர் காசிம் பாய்க்கு நடந்ததைத் தமிழில் சொன்னேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "அல்லாவே! ஒரு சாவுக்கு ரெண்டு அப்பன அழவச்சிட்டியே முத்து!" பிறகு வண்டியைக் கிளப்பினார்.

பாலம் தாண்டியதும் ராய் பேசினார். "எங்க ஊர்ல டர்னர்ங்கிறது தெருவுக்கு நாலு பேர். டர்னர்னா கடைசல்காரன். அந்த வேல பாத்த எவனெவனோ பாட்டன் வச்ச பேரு. சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல."

"தப்புதான் சார்."

"அத விடு. நீ சொன்ன விதம் இருக்கே, அதச் சொல்றேன் கேளு. தண்ணி கொடுத்த. பாதி சொன்ன, நிறுத்தின. அந்த மீதிப் பாதியில நான் மனசுக்குள்ள என் பொண்டாட்டிய கொன்னேன், பேரன கொன்னேன், ஒவ்வொருத்தரா கொன்னுகிட்டே வந்தேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்ச, தெரியுது. ஆனா இன்னொருத்தருக்கு அப்படிச் செய்யாத."

அந்த வார்த்தையை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் சொன்னது என்று நான் எத்தனையோ சேர்த்து வைத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒன்று கிடைக்கவில்லை.

த்வாண்டேயில் ஒரு புத்த மடத்துக் கூடத்தில் முகாம். கண்ணில் கட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம், மருந்து விட்டுக் காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். டாக்டர் உள்ளே ஒருவருக்கு அறுத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகும் என்றார் நர்ஸ். நான் ராயைப் பார்த்தேன்.

"மேசையில படுத்திருக்கறவருக்கும் அது கண்ணுதானே" என்றார். "முடிக்கட்டும்."

பத்து நிமிடம் நின்றோம். கிளவுஸைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்த டாக்டர், ராயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, கசின்!" என்றார்.

ராய் நேரே அவரிடம் போனார். தண்ணீர் கொடுக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை.

"ஆலன், உங்க தங்கச்சி ஹோட்டலுக்கு போன் பண்ணாங்க. எம்மா கார் விபத்துல இறந்துட்டா. இன்னிக்குத்தான். சாயங்கால ஃபிளைட்டுல உங்கள ஏத்திவிட வந்திருக்கோம்."

அவ்வளவுதான். டாக்டர் ஏதோ கணக்குத் தப்பாகிவிட்டது போல ராயின் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பி, "அந்தப் பெஞ்சுல கடைசியா ஒரு அம்மா, மருந்து விட்டாச்சு..." என்றார். கூட இருந்த பர்மிய டாக்டர், "நான் பாத்துக்கறேன் சார்" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் கால் மடங்கியது. விழவில்லை, அந்த முறம் போன்ற கை இரண்டும் பிடித்துக்கொண்டன.

திரும்பி வரும் வழி முழுக்க ராய் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பெட்டி கட்டியது அவர். விமான நிலையத்தில் வரிசையில் நின்றதும் அவர். அண்ணன் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

5. இப்போது செய்வது

மறுநாள் டோ கின் சோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும்தானே ஊலே சொன்னேன்" என்று அழுதார். அன்றைக்கே சிலிப்பை மாற்றினோம். முழுப் பெயர், அறை எண், யார் பேசினார்கள், யாரைப் பற்றி; நாலும் நிரப்பாமல் கவுண்டரை விட்டு யாரும் நகரக் கூடாது. எழுதியதைப் போனிலேயே திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். செய்தி யாருக்கோ அவர் கதவைத்தான் தட்ட வேண்டும். கெட்ட செய்தியானால் ஒரே வாக்கியம். செத்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும்.

ராய் இன்னும் மூன்று நாள் தங்கினார். தினமும் மைதானத்திலிருந்து வந்ததும், மகள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கீழே வந்து ஊருக்கு ஒரு போன் போடச் சொல்வார். பேச ஒன்றும் இருக்காது. என்ன சாப்பிட்டாய், மழையா என்பார். மூன்றாம் நாள் அந்தப் பெண் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது: "அப்பா, நேத்தும் இதேதானே கேட்டீங்க?"

"ஆமா" என்றார். "இன்னிக்கும் சொல்லு."

அவர் போனை வைத்ததும் நான் எடுத்தேன். ரங்கூனிலேயே க்யிம்யிண்டைங்கில் இருக்கும் என் மகளுக்குப் போட்டேன். "என்னப்பா, காலையிலதானே வந்துட்டுப் போனீங்க?" என்றாள்.

எனக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.