நான் படிப்பித்த கொப்புளிப்பான்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைப் பக்கத்து ஆசிரியர் கலாசாலை ஒன்றில் சுகாதாரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மட்டக்களப்பு என்பதால், மருதமுனைக் கடலோரம் ஒரு வீட்டில் அறையெடுத்து இருந்தேன்.

ஒரு வாரம் பாடம் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி. வந்துபோன நோயை உடம்பு மறக்காது, கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை ஒருக்கால் வந்தால் திரும்ப வராது என்று கரும்பலகையில் எழுதி, பெரிய விஞ்ஞானி மாதிரி முழங்கிவிட்டு வந்தேன். வாரம் முடியுமுன்னே எனக்கே கொப்புளிப்பான் வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை.

வீட்டுக்காரருக்குச் சின்னப் பிள்ளைகள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். குறை சொல்ல முடியாது. பகல் முழுக்கக் காய்ச்சலில் மிதந்தேன். அலைச் சத்தமும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் ஒன்றாகி, யாரோ என்னையே நீளமான வெள்ளைத் துணியாக நெய்வதுபோல இருந்தது. அதற்குள் என் மாணவன் ஒருவன் வந்து நின்றான். கனவென்றே நினைத்தேன்.

கையில் வேப்பிலைக் கட்டு.

"கிட்ட வராத தம்பி. உனக்கு அடுத்த மாசம் கலியாணம்" என்றேன்.

"எனக்குச் சின்னதில வந்து போயிட்டு சேர். திரும்ப வராதெண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க?"

என் பாயில் வேப்பிலையைப் பரப்பினான். எங்கள் சைவ ஆட்கள் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டறிந்து வந்திருக்கிறான். பிறகு ஒரு போத்தலை நீட்டினான். "உம்மா ஓதித் தந்த தண்ணி. குடிங்க."

மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

தினமும் வந்து கஞ்சி தந்தான், உடம்பு துடைத்தான். எனக்கோ நோயைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நான் முழங்கியதெல்லாம் புத்தகத்தில் படித்தது. அவனுக்குச் சின்ன வயதில் வந்தது கொப்புளிப்பான்தானா, வேறு ஏதாவதா? கண்ணை மூடினால் துருக்கித் தொப்பியும் முகமெல்லாம் கொப்புளமுமாக ஒரு மாப்பிள்ளை வந்து வந்து போனான்.

கலியாணத்தன்று தழும்பு முகத்தோடு முன்னால் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் மாப்பிள்ளையின் அழகைப் பார்க்க, நான் நெற்றி, கன்னம், கழுத்தென்று கொப்புளம் தேடினேன். ஒன்றுமே இல்லை. அவன் என்னைக் கண்டு, சரியான விடை சொன்ன பிள்ளைபோலச் சிரித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பல வருடம் அதே பாடத்தைப் படிப்பித்தேன். 'திரும்ப வராது' என்ற இடம் வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், அந்தச் சொல்லை நம்பி யாராவது ஒரு நோயாளியின் கதவைத் திறந்து உள்ளே போகக்கூடும் என்பதால்.