மூலத்தில் பிறக்காத பெண்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஜோசியத்தை ஆராய நிதி கேட்டு விண்ணப்பம் போட்டவள் நான். புள்ளியியல் துறைக்காரி. பாரம்பரிய நம்பிக்கைகளை அறிவியல் முறையில் சோதிப்பவர்களுக்குப் பணம் தருவதாக ஓர் அறக்கட்டளையிடமிருந்து சுற்றறிக்கை வந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டேன். அதன்பின் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் நான்தான் பொழுதுபோக்கு. "மேடம், கிளிக்கும் சேத்து பட்ஜெட் போடுங்க. பாவம், நெல்லு வேணும்ல?" என்றார் ஒரு சீனியர். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

உள்ளுக்குள் எனக்குக் கோபம் இருந்தது. என் பெரியம்மா மகள் மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமனார் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதே நட்சத்திரத்தில் ஆண் பிறந்தால் ராஜயோகமாம். இதை எவன் கண்டுபிடித்தானோ, அவன் யாருக்கோ மாமனாராகத்தான் இருந்திருக்க வேண்டும். அக்காவுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போயின. இப்போது அவள் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தலை நரைத்துவிட்டது, கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அதனால் என் ஆய்வுத் திட்டம் ரொம்ப எளிமையானது. மூலத்துப் பெண்களின் மாமனார்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள், மற்றப் பெண்களின் மாமனார்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிடுவது. எண்ணிவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வீடு பெங்களூர் அடுகோடியில். நான், கணவர், மாமா, மூன்றே பேர். மாமா என் மாமனார், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் இல்லை. என் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். கல்யாணமாகி வந்தபிறகு நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் சமையல்கட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் மாமா. அப்பா என்று நினைத்தால் எனக்கு அவர் முகம்தான் வரும். காலையில் பேப்பரில் ராசிபலனைச் சத்தமாகப் படித்துக் கிண்டலடிப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். திட்டத்தைச் சொன்னதும், "எனக்கென்ன பயம்? என் மருமக பூராடம். நூறு வயசு கேரண்டி," என்றார்.

விண்ணப்பத்தோடு ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஜாதகங்கள் தேடி ஆனேக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடை, அதற்கு மேல் மாடியில் ஜோசியர். ஏ.சி., கம்ப்யூட்டர், கலர் பிரிண்டர் எல்லாம் உண்டு. அவரும் அவர் அப்பாவும் பொருத்தம் பார்த்த ஜாதகங்களின் நகல்கள் அலமாரி நிறைய இருந்தன. பெண்களுடையதை மட்டும் எடுத்து, நட்சத்திர வரிசையில் தரையில் அடுக்கினேன். வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆயில்யமும் கேட்டையும் இளைத்துக் கிடந்தன, அவையும் ஆகாத நட்சத்திரங்கள்தான். ஆனால் கேட்டைக்கு அடுத்து மூலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரைதான் தெரிந்தது. அதற்கடுத்த பூராடம் மட்டும் மற்ற அடுக்குகளைவிட உயரமாக நின்றது.

"மூலம் எங்க சார்?" என்று கேட்டேன்.

"எங்க ஏரியால மூலத்துல பொண்ணுங்க பொறக்கறதில்ல மேடம்," என்றார் ஜோசியர். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆண்களின் மூலம் கட்டுக்கட்டாக இருந்தது. பிறந்த நேரத்தைச் சில மணி தள்ளி எழுதிவிட்டால் மூலம் போய்ப் பூராடம் வந்துவிடும். ஊரில் நடப்பதுதான், எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் காலித் தரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை பெண்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. பூராடம் என்ற பெயரில் ஏதோ வீடுகளில் மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பல பேருக்குத் தாங்கள் யார் என்று தங்களுக்கே தெரியாது.

ஜோசியரின் சாஃப்ட்வேரைச் சரிபார்க்க என் ஜாதகத்தையும் கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஜாதகத்தைப் பார்த்தார்.

"இது உங்களுதா?"

"ஆமா."

"மாமனார் இருக்காரா?"

"நல்லா இருக்காரே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் மேடம்," என்று மடித்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது உண்மையான பிறந்த நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி தோன்றியது. பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. அம்மாக்களிடம் எத்தனை மணிக்கு என்று கேட்டால் எழுதிவைத்ததை ஒப்பிப்பார்கள். அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால் உண்மை தானாக வாயில் வந்துவிடும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். முதலில் என் அம்மாவிடமே பார்ப்போம் என்று போன் போட்டேன். என் ஜாதகப்படி நான் விளக்கு வைக்கும் நேரத்தில் பிறந்தவள்.

"அம்மா, நான் பொறந்தப்போ வெளிய என்ன நடந்துட்டு இருந்துச்சு?"

"அத ஏன் கேக்கற? காலைல மில்லு சங்கு ஊதுது. உங்கப்பா ஷிஃப்டுக்குப் போறதா, ஆஸ்பத்திரில நிக்கறதான்னு தவிக்கிறாரு. அந்தச் சங்குச் சத்தத்துலயே நீ..."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா பேசினாள். அது எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"யாரு கேக்கச் சொன்னா உன்ன? உங்க பெரியம்மா உள்ளதச் சொல்லி என்னத்தக் கண்டா? பொண்ணு அப்படியே நிக்குது. நீ வாய மூடிக்கிட்டு இரு."

காலை நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மூலம் என்றது.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மாமா குளியலறையில் சற்று நேரம் அதிகமாக இருந்துவிட்டால் கதவருகே போய் நின்றேன். அவர் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம் நடுவில் நின்றால் என் கை வேலையும் நின்றது. பஸ்ஸில் தாலி கட்டிய பெண்களைப் பார்த்தால், இவளோ, அவளோ என்று தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அந்தப் பேப்பர் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த கழுதை. அவர் பேப்பரை விலக்கிப் பார்த்து, "என்ன பாப்பா, ஊசி போட வந்த நர்ஸாட்டம் நிக்கிற?" என்றார். மின்விசிறியைக் குறைக்க வந்தேன் என்றேன்.

நிதிக்கான நேர்காணலும் வந்தது. குழுவின் தலைவி கன்னடக்காரர், தமிழர்கள் நிறைந்த கன்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவர் என்பதால் என்னோடு தமிழிலேயே பேசினார்.

"ஐடியா சென்னாகிதெ, நல்லாருக்கு மேடம். ஒரு டவுட்தான். உயிரோட இருக்கற மாமனாருங்களையும் கணக்குல சேக்கறீங்க. அவங்க எப்ப போவாங்கன்னு பாத்துட்டு இருக்கப் போறீங்க. அவங்க கிட்ட சொல்ல வேணாமா?"

"சொல்லுவேன். சம்மதம் வாங்கித்தான் சேத்துப்பேன்."

"பயப்பட மாட்டாங்களா?"

"தெரியாத வரைக்கும்தான் மேடம் பயம். தெரிஞ்சிட்டா போயிடும்."

அவ்வளவு நன்றாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் முதல் சம்மதம் மாமாவிடம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆராய்ச்சிக்காக என்று சொல்லிக்கொண்டாலும் விஷயம் அதுவல்ல. எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒரு தரம் சிரித்துவிட்டால் அது என்னை விட்டுப் போய்விடும்.

அவரைக்காய் சீசன். மாமா ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோல் போகப் பிதுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மில் சங்கு வரை. அவர் விரலிடுக்கில் ஒரு பருப்பு பிதுங்காமல் அப்படியே நின்றது. அப்புறம் சிரித்தார்.

"போ பாப்பா. சங்கு ஊதினா ஊதிட்டுப் போவுது. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி.

மறுநாள் காலை காபி கொண்டுபோனேன். எப்போதும் கையை நீட்டி வாங்குபவர், "அங்க வெச்சிடு பாப்பா," என்றார். பேப்பர் மடியில் இருந்தது, ராசிபலன் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனபோது டம்ளர் காலியாக இருந்தது, கழுவுதொட்டியில் காபி நிறம் தெரிந்தது. மத்தியானம் வயிறு சரியில்லை என்றார். ராத்திரி மகன் வந்து பரிமாறியதும் வயிறாரச் சாப்பிட்டார். என்னை ஏறெடுத்துப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பயந்தார். நான் கூடத்தில் நடந்தால் அவர் அறைக்குள் போவார். அறைப் பக்கம் போனால் வாசலுக்கு வந்துவிடுவார். ஒரே வீட்டில் என்னிடமிருந்து ஒளிந்துகொள்ள ஒருவர் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பையைக் கட்டினார். "ஓசூர்ல பொண்ணு வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்," என்றார். கிளம்பும்போது காலில் விழுந்தேன். ஆசீர்வாதம் பண்ணத் தூக்கிய கை தலைக்கு மேலேயே நின்றது, தலையைத் தொடவில்லை. கணவர் என்னைத் திட்டவில்லை. "சொல்லாம இருந்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

நிதி கிடைத்தது. நானே போய்ச் சொல்லலாமென்று ஓசூர் போனேன். மாமா வாசல் கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது, கன்னத்தில்கூடச் சதை போட்டிருந்தது. "வா பாப்பா, சாப்டியா?" என்று வாய் நிறையக் கேட்டார். வாசல் கேட்டின் கொண்டியில் கை வைத்தேன். அவர் நாற்காலியோடு எழுந்து, அதைச் சுவர் ஓரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நான் கொண்டியைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். வெயிலில் நிற்காதே, கிளம்பு என்றார்.

முதல் குடும்பமாக எங்கள் வீட்டைத்தான் பதிவு செய்தேன். மாமனார் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விக்கு இருக்கிறார் என்று குறித்தேன். இனி யாராவது வந்து, மூலத்துப் பெண் போன வீட்டில் மாமனார் தங்க மாட்டார் என்று சொன்னால், இல்லை என்று காட்ட என்னிடம் கணக்கு இருக்கிறது. வீட்டில் மாமாதான் இல்லை.