வேஸ்ட்டில் போட்ட நாற்காலி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பிக்கை இல்லை என்பது மட்டுமில்லை, அதையெல்லாம் எப்படிச் செய்வது என்று எனக்கே தெரியும். ஒரு ஷாட்டின் மேல் இன்னொன்றை மங்கலாக ஏற்றினால் செத்துப்போன தாத்தா கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணுவார், கேட்டவர்களுக்குச் செய்தும் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, "உனக்குக் கண்ணு கோளாறு" என்று சொன்னால் கோபம் வருமா வராதா? நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கேசட் போய்க் கம்ப்யூட்டரில் எடிட்டிங் வந்த புதிது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கோ குவைத்துக்கோ போய்க்கொண்டிருந்த காலம், அதனால் கல்யாண வீடியோ என்பது வந்தவர்களைவிட வராதவர்களுக்குத்தான் முக்கியம். கேமராக்காரர் எடுத்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஷாட் ஷாட்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டுப் பிரித்து வைப்பது என் வேலை. பொண்ணு, மாப்பிள்ளை, தாலி, பந்தி, இப்படி. தமிழ் எழுத்து அதில் வராது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத்தான் அடிப்போம். ஆடினது, இருட்டானது, கேமராவை அணைக்க மறந்து தரையைக் காட்டினது எல்லாம் 'வேஸ்ட்'. பிரிக்கிற வேலையில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை, அதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. பெண்ணின் அப்பா குவைத்தில் டிரைவர். அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம், அந்த மனிதர் போய் உழைத்துத்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள், இந்தக் கல்யாணமும் அவர் நடத்தினதுதான். நடத்தினவருக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில். பெற்ற மகள் கல்யாணத்துக்கு வர எவனோ ஒருவன் மனசு வைக்க வேண்டும் என்றால் இது என்ன நியாயம்? கடைசியில் பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெண்ணின் அம்மா மணமேடைக்குக் கீழே உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் புருஷனுடைய துண்டைப் போட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே மாதிரி. யாரையும் உட்கார விடவில்லை. மணமேடைக்கு ஒரு கேமரா, கூட்டத்துக்கு ஒரு கேமரா. கூட்டத்தை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, அந்தக் காலி நாற்காலியைப் போய் நீளமாக எடுத்து வைத்திருந்தார். ஓரத்தில் மணமேடை கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

சித்தப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "காலி சேரு எதுக்குப்பா? அபசகுனமா கீது. தூக்கிடு. நான் தாரை வாக்கறத மட்டும் நல்லா பெருசா காட்டு" என்றார். எடுத்து வேஸ்ட்டில் போட்டேன். காலி நாற்காலியை வேறு எதில் போடுவார்கள், நீங்களே சொல்லுங்கள்?

சித்தப்பாவை பஸ் ஏற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த ஷாட்டின் பெயர் மாறியிருந்தது. 'நைனா' என்று. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கூட வேலை செய்த பிரசாத் மேல் பாய்ந்தேன். அவன் விஜயவாடா பக்கத்துத் தெலுங்குக்காரன்.

"நான் ஏன் எழுதறேன்? மா வைப்பு நான்னா அண்டாரு. நைனான்னு உங்க ஊர்லதான் சொல்றீங்க" என்றான். அதுவும் சரிதான், அவர்கள் ஊரில் அப்பாவுக்கு 'நான்னா'.

மறுபடி 'வேஸ்ட்' என்று அடித்தேன். டீ குடிக்கப் போகும்போது பிரசாத்தையும் இழுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு போனேன். நம்பினால் நம்புங்கள், திரும்பி வந்தால் மறுபடியும் நைனா. பட்டப்பகல், கீழே பஸ்காரன் காளஹஸ்தி காளஹஸ்தி என்று கத்திக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டர் விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வைரஸாம். ஏன் சார், வைரஸுக்குத் தமிழ் தெரியுமா? அதுவும் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்?

போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கென்ன, சித்தப்பா சொன்ன மாதிரி நாற்காலி இல்லாமல் சிடி போட்டுக் கொடுத்தேன். குவைத்துக்குப் போகிற யாரிடமோ கொடுத்தனுப்பினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. சிடி உறையில் எங்கள் நம்பர் இருக்கும், அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா. நல்லா இருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் பவ்யமாகப் பேசினேன்.

"எல்லாரையும் காட்டிக்கீறியே, என்ன ஏம்பா காட்டல?" என்றார்.

"நீங்க கல்யாணத்துக்கு வரலியேங்க."

"இன்னா இப்பிடி சொல்ற? எம்பொஞ்சாதி துண்டு போட்டு எடம் புடிச்சி வச்சிக்கீறா, வராம இருப்பனா? அந்த சேர்லதான ஒக்காந்துக்கினு இருந்தேன். தாலி ஏறச்சொல்ல எம்பொண்ணு திரும்பி என்னப் பாத்தா, அதையும் காணோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. ஊரிலிருந்து யாரோ கதை சொல்லி இவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சித்தப்பா சொன்னதைத்தான் செய்தேன், என் வேலையில் குறை சொல்லாதீங்க என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை.

"அவன் சொல்லுவான். நீ ஏன் நைனா என்ன வேஸ்ட்ல போட்ட?" என்றார். சின்னவர்களை வாஞ்சையாகக் கூப்பிடவும் எங்கள் பக்கத்தில் அதே வார்த்தைதான். போனை வைத்துவிட்டார்.

நான் போட்ட பெயர் என் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. சிடியில் போகாது, யார் கண்ணிலும் படாது. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை என்று பிரசாத் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். அந்த ஷாட்டைத் திறந்து முழுசாக ஓட்டினேன். முன்பு இரண்டு நொடி பார்த்துவிட்டுத் தள்ளினதுதானே. கடைசியில், ஓரத்தில், தாலி ஏறுகிற நேரம், பெண் தலையைத் திருப்பி அந்த நாற்காலியைப் பார்க்கிறாள். சும்மா பார்க்கவில்லை. சிரித்து, தலையைக் கொஞ்சம் குனிகிறாள், யாரோ ஆசீர்வாதம் பண்ணினால் குனிவோமே, அப்படி.

ஆல்பம் வாங்கப் புருஷனோடு அந்தப் பெண் வந்தபோது ஷாட்டைப் போட்டுக் காட்டினேன். யாரைப் பார்த்தம்மா சிரித்தாய் என்று கேட்டேன்.

"எங்க நைனாவத்தான்" என்றாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தோ ஒக்காந்துக்கினு கீறாரே, உங்களுக்குத் தெரியலியா அண்ணா?"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டினான்.

சிடியை மாற்றிப் போட்டு நாற்காலியோடு கொடுத்தேன். அதன் பிறகு குவைத்திலிருந்து புகார் எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் எத்தனையோ மாற்றிவிட்டேன், அந்த ஷாட்டை மட்டும் ஒவ்வொன்றிலும் ஏற்றிவைத்திருக்கிறேன், பெயர் நைனாதான், நான் கை வைக்கவில்லை. இப்போதும் போட்டுப் பார்ப்பேன். எனக்குத் தெரிவது ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு துண்டு. உலகத்திலேயே அந்த ஷாட்டை அதிகத் தடவை பார்த்தவன் நான். எனக்கு மட்டும் ஏன் சார் அவர் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார்?